ஒன்றரைக் கட்டை

குழுவில் அவளைப் பொத்தான் என்றுதான் கூப்பிட்டார்கள். கீபோர்டு வாசிக்கிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பது மாமாவின் எண்ணம். மாமா என்றால் அக்காவின் கணவர். குழுவின் பாடகரும் தலைவரும் அவர்தான். பகலில் சோபாக் கடையில் விற்பனையாளர். "நான் பாடுவேன், இவ பட்டனை அமுக்குவா" என்பது மேடை ஏறியதும் அவர் சொல்லும் முதல் நகைச்சுவை. கூட்டம் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்புக்கென்றே அவள் கன்னத்தில் ஒரு மடிப்பு விழுந்துவிட்டது.

பேஸ் கிடார் வாசித்தது அவளுடைய தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அண்ணாந்து பார்ப்பான். டிரம்ஸ்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். யாராவது வேகம் எடுத்தால் அவர் கால் பிரேக் என்று நினைத்துத் தானாகப் பெடலை மிதிக்கும். அதனாலேயே அவர்களுடைய துள்ளல் பாட்டுகள்கூடக் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் துள்ளின.

உள்ளூர்க் கச்சேரி என்பது ஒரு வினோதமான பிழைப்பு. ஒரு வாரம் கல்யாண வரவேற்பில் மேடை நிறைய பூவும் விளக்கும் இருக்கும். கிழவர்கள்கூட எழுந்து ஆடுவார்கள். பாடகரின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். அடுத்த வாரம் செருப்புக் கடைத் திறப்பு விழாவில் வெயிலில் நிற்கவைத்து, "சத்தத்தைக் குறைங்க, வாடிக்கையாளர் பேசறது கேக்கல" என்பார்கள். பணி ஓய்வு விழா ஒன்றில், ஓய்வு பெற்றவரே மூன்றாவது பாட்டில் தூங்கிப்போனார். ஒருமுறை வாகன நிறுத்தத்தில் வாசித்தார்கள். காரை எடுக்க வந்தவர் டிரம்ஸ்காரரைப் பார்த்து, "அண்ணே, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் தள்ளிக்குங்க" என்றார். டிரம்ஸ் செட்டோடு தள்ளிக்கொண்டார்கள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது.

இதற்கெல்லாம் அவள் கோபப்பட்டதில்லை. அவளுடைய கோபம் ஒரே ஒரு பாட்டின்மேல் உட்கார்ந்திருந்தது.

அவள் வேலை பார்த்தது மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் பரிசோதித்து, வில்லை அளந்து, சட்டத்தில் பொருத்துவாள். ஒருநாள் ஒருவர் வந்து கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார், அப்புறம் வரவேயில்லை. தயாரான கண்ணாடி பெட்டிக்குள் கிடந்தது. சாயங்காலங்களில் அவள் அதை எடுத்துத் துடைப்பாள். போட்டுப் பார்த்தால் தெருவே தண்ணீருக்குள் போய்விடும். அந்த மனிதரின் முகம்கூட அவளுக்கு மறந்துவிட்டது. ஆனாலும் யாரோ ஒருவர் இந்த உலகத்தை இப்படிக் கலங்கலாகவே பார்த்துக்கொண்டு எங்கோ நடந்துபோகிறார் என்ற நினைப்பு அவளை விடவில்லை. அதிலிருந்து ஒரு பாட்டு வந்தது.

*கண்ணாடி தயார், கண்களைக் கொண்டு வா*
*தூரம் தெரிய வேண்டுமா, பக்கம் வா*

கச்சேரி முடிந்து வேனில் திரும்பும்போது அதை மாமாவுக்குப் பாடிக் காட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. பாப்போம்" என்றார். பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்பதுதான் கதை.

அக்காவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்த அன்று மாமா ஒரு பேக்கரித் திறப்பு விழாவில் பாடிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா நேராக அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். "அவர் பாட்டையே கட்டிக்கிட்டு அழட்டும்" என்றாள். ஒரு மாதம் கழித்து மாமா வந்தார். கூடத்தின் நடுவில் நின்றார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. "உனக்காக ஒண்ணு எழுதினேன்" என்று சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

கண்ணாடி தயார்.

பொத்தான் அப்போது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. குழாயை மூடினாள். வெளியே அக்கா அழும் சத்தம் கேட்டது, பிறகு துணிப்பெட்டியை மூடும் சத்தம், பிறகு அம்மா மூக்கைச் சிந்தும் சத்தம். ஒரு வார்த்தை போதும், எல்லாம் நின்றுவிடும். அந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். அக்கா வாழ்க்கை ஆயிற்றே. ஒரு தடவைதானே, போகட்டும் என்று நினைத்தாள்.

ஒரு தடவையோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரியிலும் மாமா மைக்கைப் பிடித்து, குரலில் தேன் தடவி, "அடுத்தது நான் என் மனைவிக்காக எழுதி, மெட்டமைச்ச பாட்டு" என்பார். முதல் வரிசையில் அக்கா தலைகுனிவாள். "கண்ணாடின்னா இங்க மனசு" என்று விளக்கம் வேறு. பாட்டு முடிந்ததும் யாராவது வந்து, "என்ன கற்பனை சார்" என்று அவர் கையைக் குலுக்குவார்கள். அவளிடம் வந்து, "தங்கச்சி, இந்த ஒயரை எங்க சொருகணும்" என்பார்கள்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. மாமாவின் குரல் இறங்கிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கச் சோபாக் கடையில் பேசிப் பேசித் தேய்ந்த தொண்டை அது. ஒரு கல்யாணத்தில் உச்சியில் பிசிறடித்து, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தார். அதைப் பார்த்துப் பொறுக்காமல் பொத்தான் ஒரு காரியம் செய்தாள். கீபோர்டில் சுருதி மாற்றும் பட்டன் ஒன்று இருக்கிறது. அதை அமுக்கினால், விரல்கள் பழைய இடத்திலேயே ஓட, ஒலி மட்டும் இறங்கிவிடும். முதலில் அரைக் கட்டை இறக்கினாள். சில மாதம் கழித்து இன்னும் அரை. அப்புறம் இன்னும் அரை. தம்பியிடம் மட்டும் சொன்னாள்; அவன் பேஸ் கிடாரில் விரலைக் கீழே நகர்த்திக்கொண்டான். டிரம்ஸ்காரருக்குச் சுருதியைப் பற்றிக் கவலையில்லை. மாமாவுக்கோ ஒன்றும் தெரியாது. வெந்நீர் குடிப்பதால் குரல் திரும்பிவிட்டது என்று நம்பினார். ஒன்றரைக் கட்டை கீழே நின்றுகொண்டு, தான் மலையுச்சியில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

பாட்டைத் திருடிய பிறகும் அவள் அந்தப் பட்டனை அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கே சில சமயம் தன்னை நினைத்தால் பற்றிக்கொண்டு வரும்.

நகர மண்டபத்தில் வானொலி நிகழ்ச்சி வந்தது. நேரடி ஒலிபரப்பு. மாமா புதுச் சட்டை எடுத்தார். கச்சேரிக்கு முன்னால் அறிவிப்பாளர் மேடையிலேயே நாலு கேள்வி கேட்டார். மாமா குழுவை அறிமுகம் செய்தார். டிரம்ஸ்காரரை "எங்க இதயத்துடிப்பு" என்றார். தம்பியை "என் மச்சான், என் வலது கை" என்றார்.

"இவங்க?"

"இது பொத்தான். நான் சொல்ற பட்டனை அமுக்கும்."

மண்டபம் சிரித்தது. "பாட்டெல்லாம் நீங்களே எழுதறீங்களாமே" என்றார் அறிவிப்பாளர்.

"வரி, மெட்டு எல்லாம் அடியேன்தான். இன்னொண்ணும் சொல்லிக்கறேன். இந்தக் காலத்துல எல்லாரும் கட்டையை இறக்கிப் பாடறாங்க. அதெல்லாம் ஒரு பொழப்பா? நான் என்னிக்கும் ஒரிஜினல் கட்டைதான். இல்லையா பொத்தான்?"

"ஆமா மாமா" என்றாள். கன்னத்தில் அந்த மடிப்பு விழுந்தது. "ஒரிஜினல் கட்டைதான்."

அவள் விரல் பட்டனை மூன்று தரம் தட்டியது. கீபோர்டின் சின்னத் திரையில் மைனஸ் மூன்று போய்ப் பூஜ்யம் வந்தது. தம்பி எட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அக்கா, வேணாம்."

"அவர்தானே கேட்டார்."

"நாறிப்போயிரும் அக்கா. பெரியக்கா முன்னாடியே உக்காந்திருக்கு."

"உக்காரட்டும். அங்கதான் நல்லாக் கேக்கும். நீ விரலை மேல ஏத்து."

தொடக்கப் பல்லவியில் மாமா எப்படியோ தப்பினார். ஆனாலும் ஏதோ சரியில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அவள் தலையாட்டினாள், பிரமாதம் என்பதுபோல. சரணத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவது பல்லவியில், "பக்கம் வா" என்கிற இடத்தில், அந்த "வா" மேலே ஏறி, ஒரு விளிம்பைப் பிடித்து, நழுவி, காய்ந்த சுள்ளிபோல இரண்டாக முறிந்தது.

இதற்குத்தான் அவள் இவ்வளவு நாள் காத்திருந்தாள். நெஞ்சுக்குள் ஒரு ஜன்னல் திறந்து குளிர்ந்த காற்று வருவதுபோல் இருந்தது. மாமா இருமினார். கண்ணில் நீர் முட்டியது. புறங்கையால் துடைத்தார்.

முதல் வரிசையில் ஒரு பெண்மணி, "பாவம், பொண்டாட்டியை நினைச்சு அழுறார்" என்றாள்.

அவ்வளவுதான். எங்கோ ஒருவர் கைதட்டினார். பிறகு மண்டபமே எழுந்தது. அறிவிப்பாளர் ஈரத்துணி மாதிரிக் குழைந்துபோன குரலில், "நேயர்களே, ஒரு கணவரின் கண்ணீரைக் கேட்டீர்கள்" என்றார். அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாமா ஒரு கணம் ஒன்றும் புரியாமல் நின்றார். பிறகு, வருகிற வாடிக்கையாளரை விடாத அந்த விற்பனையாளர் அவருக்குள் விழித்துக்கொண்டார். மெதுவாகக் கையை நெஞ்சில் வைத்தார்.

பொத்தான் அவரைக் குழியில் தள்ளப் பார்த்தாள்; குழி மேடையாகிவிட்டது.

வானொலி அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டது. "அழுகிற பாட்டு" என்று பெயர் விழுந்தது. கல்யாணக்காரர்கள் தேடி வந்தார்கள். அடுத்த வரவேற்பில் அவள் சுருதியைப் பழையபடி இறக்கிவிட்டாள். இன்னொரு கைதட்டலை அவருக்குத் தூக்கிக் கொடுக்க மனசில்லை. மாமா சுத்தமாகப் பாடி முடித்தார். மணமகளின் சித்தப்பா மேடைக்கு வந்தார்.

"தம்பி, அந்த அழுற இடம் வரலையே."

"அது... தானா வரணும் சார்."

"வரணும்ல. அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்."

அதற்கடுத்த கச்சேரியில் மாமா தானே அழப் பார்த்தார். தும்மல் மாதிரி இருந்தது. டிரம்ஸ்காரர் உண்மையிலேயே தும்மல் என்று நினைத்து, பாட்டை நிறுத்தி, "நூறு வயசு" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் மாமா அவள் வேலை பார்க்கும் கடைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் படியை மிதித்தது அதுதான் முதல் தடவை. கண் பரிசோதிக்கும் அறையில், உயரமான நாற்காலியில் அவராகவே ஏறி உட்கார்ந்தார். எதிரே எழுத்துப் பலகை வெளிச்சமாக இருந்தது.

"ரேடியோல பாடின அன்னிக்கு என்ன பண்ணின?"

"நீங்க சொன்னதை. ஒரிஜினல் கட்டை."

"அதுதானே எப்பவும்."

"இல்ல மாமா." அவள் ஒரு வில்லையை எடுத்துத் துணியால் துடைத்தாள். அவசரப்படவில்லை. "ரொம்ப நாளா நான் இறக்கித்தான் வாசிக்கிறேன். உங்க எல்லாப் பாட்டும்."

"எவ்வளவு?"

"ஒன்றரைக் கட்டை."

அவர் வாய் அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. அவருடைய தோள் இரண்டும் இறங்கின. புதுச் சட்டைக்குள் ஆள் சிறுத்துப்போனதுபோல் இருந்தது. இதைத்தான் நகர மண்டபத்தில் பார்க்க ஆசைப்பட்டாள். இங்கே, பலகை வெளிச்சத்தில், அவள் ஒருத்திக்காக மட்டும் அது நடந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று அவள் அதே வில்லையை மறுபடி துடைத்தாள்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"தம்பிக்கு."

"அவனும் சிரிச்சிருப்பான்."

"சிரிக்கல. பரிதாபப்பட்டான்."

அது இன்னும் ஆழமாக இறங்கியது. அவர் எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப ரெண்டு வழி இருக்கு மாமா. மைக்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தப் பாட்டை எழுதினது என் கொழுந்தியான்னு சொல்லுங்க. நான் சாகிற வரைக்கும் இறக்கியே வாசிக்கிறேன். இல்லைன்னா பேரை நீங்களே வச்சுக்குங்க. ஆனா அந்தப் பாட்டை மட்டும் ஒரிஜினல்லதான் பாடணும். சனங்களுக்கும் அழுகை வேணுமாம்."

மாமா நாற்காலியிலிருந்து இறங்கினார். வாசல்வரை போனார். கதவைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் சொன்னார்.

"ஒரிஜினல்லயே வை."

அப்படித்தான் தொடர்ந்தது. வாராவாரம் அதே இடத்தில் மாமாவின் குரல் உடைந்தது. வாராவாரம் யாரோ ஒரு மணமகள் கண்ணைத் துடைத்தாள். நடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பாட்டு முடிந்ததும் அவர் மேடைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார். பகலில் சோபாக் கடையில் சைகையால் பேச ஆரம்பித்தார். பொத்தான் அதையெல்லாம் கேட்டு வைத்துக்கொண்டாள். இரவு படுக்கும்போது அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கையில் வெந்நீர் பிளாஸ்க். மாமாவுக்காக எங்கு போனாலும் தூக்கிப் பழகிய கை. தனியாக வரும்போதும் தூக்கிக்கொண்டே வந்துவிட்டாள்.

"தொண்டைல தடிப்பு வந்திருக்காம். கத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீ கொஞ்சம் இறக்கி வாசிடி."

"உனக்கு யார் சொன்னா?"

"தம்பி சொன்னான். பாவம், அவனால மறைக்க முடியல."

"அப்ப மீதியையும் சொல்லியிருப்பானே. நான் என்ன கேட்டேன்னு."

அக்கா பிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். திறக்கவில்லை.

"அவர் எழுதலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"தம்பி அதையுமா..."

"அவன் என்ன சொல்றது. அன்னிக்கே தெரியும். அம்மா வீட்டுக் கூடத்துல, முதல் வரியிலேயே. கண்ணாடி தயார்னு எவன்டி கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டிகிட்ட பாடுவான்? அவர் எழுதியிருந்தா சோபா தயார்னு எழுதியிருப்பார்."

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்து உருண்டிருப்பார்கள்.

"தெரிஞ்சுமா போன?"

"போகணும்னு இருந்துச்சு. அம்மா முகத்தையே எவ்வளவு நாள் பாத்துட்டு உக்காந்திருக்கறது? ஒரு சாக்கு கிடைக்காதான்னு இருந்துச்சு. நீ குடுத்த."

"நான் குடுக்கல. அவர் எடுத்தார்."

அக்கா பிளாஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீயும் எடுத்திருக்க. முதல் வரிசையில உக்காந்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. நான் உனக்காக வாயை மூடிட்டு இருக்கேன்னு நினைச்சேன். நீ எனக்குப் பின்னாடி..." அவளுக்கு வாக்கியம் முடியவில்லை. "சரி. அவர் சொல்ல வேணாம். நீ சொல்லு. நீ எழுந்து நின்னு, என் தங்கச்சி எழுதினதுன்னு சொல்லு. அன்னிக்கே இறக்கிடறேன்."

"அத்தனை பேர் முன்னாடியா? எங்க ரெண்டு பேரையும் பாத்து ஊரே சிரிக்கும்டி."

"என்னைப் பாத்து வாராவாரம் சிரிக்கறாங்க. ஒண்ணும் ஆகல."

அக்கா எழுந்து போனாள்.

அடுத்த கச்சேரி ஒரு வரவேற்பு. பெரிய கூடம், மேசை மேசையாக வெள்ளை விரிப்பு. அக்கா வந்திருந்தாள், வழக்கம்போல முதல் வரிசை. மாமா வேறு பாட்டுகளைப் பாடி முடித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மைக்கைக் கையில் எடுத்தார். கைபேசிகள் உயர்ந்தன. எல்லாருக்கும் எந்தப் பாட்டு என்று தெரியும்.

"அடுத்தது என் மனைவிக்காக..." என்றார் மாமா. குரல் உப்புத்தாள் மாதிரி இருந்தது. அவர் நிறுத்தினார். திரும்பிப் பொத்தானைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

பொத்தான் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாராவது ஒருத்தர் சொன்னால் போதும். அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். எழப்போகிறாள் என்றுதான் தோன்றியது. பக்கத்து இருக்கைப் பெண்மணி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், கொடுத்துவைத்தவள் என்பதுபோல. அக்கா கையை எடுத்துவிட்டாள்.

"...நான் எழுதின பாட்டு" என்று மாமா முடித்தார்.

பொத்தான் பட்டனை மூன்று தரம் தட்டினாள். திரையில் பூஜ்யம் வந்தது. இன்னொரு தரம் தட்டினாள்.

தம்பி குனிந்து பார்த்தான். "அக்கா, அது ஒரிஜினலுக்கு மேல."

"அரைக் கட்டைதான்."

"அவர் தாங்க மாட்டார்."

"அவரே சொல்லட்டும்."

தம்பி பெரியக்காவைப் பார்த்தான், மாமாவின் முதுகைப் பார்த்தான், பழக்கதோஷத்தில் மேற்கூரையையும் பார்த்தான். பிறகு விரலை ஒரு கட்டம் மேலே நகர்த்திக்கொண்டான். டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டித் தாளம் கொடுத்தார்.

இந்த முறை குரல் இரண்டாவது பல்லவி வரைக்கும் காத்திருக்கவில்லை. முதல் பல்லவியிலேயே, "கண்களை" என்கிற இடத்தில் முறிந்தது. அதற்குப் பிறகு அவர் பாடியது பாட்டாக இல்லை, மூச்சாக இருந்தது. கூட்டத்துக்கு அதுவும் பிடித்திருந்தது. மணமகள் மணமகனின் தோளில் சாய்ந்துகொண்டாள். யாரோ ஒரு பெரியவர் கைக்குட்டையைத் தேடினார். அக்கா மட்டும் அழவில்லை. அவள் நேராகப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொத்தானும் கண்ணை எடுக்கவில்லை. விரல்கள் தம் பாட்டுக்கு ஓடின, ஒரு சுரமும் பிசகாமல். தன் பாட்டை அவள் இவ்வளவு அழகாக இதற்கு முன் வாசித்ததேயில்லை.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. மாமா குனிந்து வணங்கினார். நிமிர முடியாமல் மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்து இன்னொரு பாட்டு பாக்கி இருந்தது, சும்மா ஒரு துள்ளல் பாட்டு. பொத்தான் சுருதியை ஒரிஜினலுக்கு ஒன்றரைக் கட்டை கீழே இறக்கி, அவர் தொண்டைக்கு எது தோதோ அங்கே கொண்டுவந்து வைத்தாள். மற்றப் பாட்டுகளைப் பொறுத்தவரை அவளுக்கு அவர்மேல் எந்தக் கோபமும் இல்லை.